நாடாளுமன்ற விவகாரத் துறை அமைச்சருக்கு, “பரிசீலனையில் உள்ளது” என்ற பதில் பற்றி ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயரைப் போடாமல் பதவியை மட்டும் போட்டு எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் உங்களுக்கு முன்னால் எத்தனையோ கட்சிக்காரர்கள் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். 1949 மே மாதம் ஒரு துறையாக ஆரம்பித்ததிலிருந்து இன்றுவரை அந்த நாற்காலியின் வேலை என்ன என்பதில்தான் எனக்குச் சந்தேகம், அதனால் கேள்வியும் நாற்காலியிடம்தான்.

நானே ஒரு நாள் அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில். இளைஞர் நாடாளுமன்றம் என்று ஒன்று உண்டே, உங்கள் துறை 1966-67இல் டெல்லிப் பள்ளிகளில் தொடங்கி வைத்தது, அதைப் பார்த்து எங்கள் பள்ளியிலும் ஒரு வருடம் நடத்தினார்கள். எனக்கு எதிர்க்கட்சித் தலைவர் வேஷத்தின் மேல்தான் கண். மேஜையைத் தட்டலாம், “வெட்கம், வெட்கம்” என்று கத்தலாம், கடைசியில் கும்பலோடு வெளிநடப்புச் செய்து நேராகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விடலாம். அது வகுப்பு லீடருக்குப் போனது. எனக்குக் கிடைத்தது நாடாளுமன்ற விவகாரத் துறை அமைச்சர். மொத்தமே ஒரு வசனம்: “அவைத் தலைவர் அவர்களே, இந்த அறிக்கையை அவையின் முன் வைக்கிறேன்.” வைக்க வேண்டிய அறிக்கை ஒரு பழைய கணக்கு நோட்டு. “சார், இந்த அமைச்சர் என்னதான் செய்வார்?” என்று சமூக அறிவியல் வாத்தியாரைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மத்த அமைச்சருங்க வரலைன்னா அவங்களுக்குப் பதிலா எழுந்து நிப்பாரு” என்றார்.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். பிற்பாடு நாடாளுமன்ற நேரலை பார்க்க ஆரம்பித்தபோது வாத்தியார் சொன்னதில் பாதி அப்படியே உண்மை என்று தெரிந்தது, சக அமைச்சர்களின் காகிதங்களை வரிசையாக அவையின் முன் வைக்க இந்தத் துறை அமைச்சர்தான் எழுந்து நிற்கிறார். அவர் சொல்லாத மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சொந்த அனுபவம் தேவைப்பட்டது.

எங்கள் வட்டாரத்துக்கு ஒரு மத்தியத் துறையிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. எந்தத் துறை, என்ன காரியம் என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். மனு கொடுத்து, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, அலுவலகப் படிகளை ஏறி இறங்கி, கடைசியில் எங்கள் எம்.பி.யைப் பிடித்தோம். அவரும் தட்டிக்கழிக்காமல் அதை மக்களவையில் நட்சத்திரக் குறியிடாத கேள்வியாக, அதாவது எழுத்தில் மட்டும் பதில் வரும் கேள்வியாகப் போட்டார். ஒரு நாளைக்கு அப்படி 230 கேள்விகள்தான் எடுப்பார்கள், எங்கள் கேள்வி குலுக்கலில் தப்பித்து உள்ளே போனது. பதிலும் வந்தது. நான்கு வரி. கடைசி வரியைத் தமிழில் சொன்னால்: இந்தக் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.

ஊரில் ஏக சந்தோஷம். “அமைச்சரே பார்லிமெண்ட்ல சொல்லிட்டாரு, இனி என்ன?” என்றார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, பரிசீலனை என்ற சொல்லை நம் அரசு அலுவலகங்களில் எந்த அர்த்தத்தில் புழங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஆனால் அவை நடைமுறைப்படி பார்த்தால் ஊர்க்காரர்கள் சொன்னதுதான் சரி, நான்தான் தெரியாமல் இருந்தேன். எம்.பி.யின் உதவியாளர் ஒருவர் போனில், “அது உறுதிமொழிப் பட்டியல்ல ஏறியிருக்கான்னு பாருங்க சார்” என்றார். அப்போதுதான் அப்படி ஒரு பட்டியல் இருப்பதே எனக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு அமைச்சர் அவையில் எழுந்து “கவனிக்கிறேன்”, “பரிசீலனையில் இருக்கிறது”, “தகவல் திரட்டப்படுகிறது, கிடைத்ததும் அவையின் முன் வைக்கப்படும்” என்று சொன்னால் அது பேச்சோடு பேச்சாகப் போய்விடாது. இன்னின்ன சொற்றொடர் வந்தால் அதை அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் துறை ஆட்கள் அவை நடவடிக்கைக் குறிப்பைப் படித்து, அந்தச் சொற்கள் வந்த இடங்களைப் பொறுக்கி எடுத்து, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புகிறார்கள்: உங்கள் அமைச்சர் அவையில் இப்படிச் சொல்லியிருக்கிறார், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றிவிட்டுத் தகவல் சொல்லுங்கள். 2018இலிருந்து இந்தப் போக்குவரத்தெல்லாம் ஆன்லைனில். நிறைவேறியது என்று துறை எழுதி அனுப்பினால் அதை அவையின் முன் வைப்பதும் உங்கள் வேலை, நான் கணக்கு நோட்டை வைத்த அதே வேலை. மேற்பார்வை பார்க்க மக்களவையில் 15 பேர் கொண்ட அரசு உறுதிமொழிக் குழு 1953 டிசம்பரிலிருந்து இருக்கிறது, மாவலங்கர் சபாநாயகராக இருந்த காலத்தில் அமைத்தது. மாநிலங்களவையில் 10 பேர் குழு 1972இல் வந்தது. அமைச்சராக இருப்பவர் அந்தக் குழுவில் உட்கார முடியாது, அதுவும் நல்ல ஏற்பாடு.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு நிஜமாகவே மனசு குளிர்ந்தது. அரசாங்கம் கொடுத்த வாக்கைக் குறித்துவைத்துக்கொண்டு, தவணை தப்பினால் நினைவுபடுத்த ஒரு ஆள் இருக்கிறார், அதுவும் அந்த ஆள் வெளியே நின்று கத்துகிறவர் இல்லை, அமைச்சரவையில் சக அமைச்சரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? வாத்தியார் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இதுதான். அவைக்கு முன்னால் அரசாங்கத்துக்காக எழுந்து நிற்பது ஒரு பாதி என்றால், அரசாங்கத்துக்கு முன்னால் அவைக்காக எழுந்து நிற்பது மறு பாதி.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மூன்று மாதத்தில் எதுவும் நடக்கவில்லை. துறை கால நீட்டிப்புக் கேட்டது, கிடைத்தது. மறுபடி கேட்டது, மறுபடி கிடைத்தது. நாங்கள் அலுத்துப்போய் விட்டுவிட்ட காலத்தில், சில ஆண்டுகள் கழித்து, துறையிலிருந்து பதில் போயிருக்கிறது: கோரிக்கை ஆராயப்பட்டது, சாத்தியமில்லை என்று கண்டறியப்பட்டது. அதோடு எங்கள் உறுதிமொழி நிறைவேற்றப்பட்டவற்றின் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆமாம், நிறைவேற்றப்பட்டது! பரிசீலிக்கிறேன் என்றார்கள், பரிசீலித்துவிட்டார்கள், கணக்கு நேர். விதிப்படி இதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த அறிக்கை அவையின் முன் வைக்கப்பட்ட அன்று கேள்வி கேட்ட எம்.பி. அங்கே இல்லை, நடுவில் வந்த தேர்தலில் தோற்றுவிட்டார். ஊருக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டவனுக்குத் தெரியாமலே ஒரு பதில் நாட்டின் மிகப் பெரிய மன்றத்தில் வைக்கப்பட்டு, பைலும் மூடப்பட்டது.

எங்கள் காரியம் நடக்கவில்லை என்ற கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். எல்லாக் காரியமும் எல்லா ஊருக்கும் நடக்காது, அது எனக்குப் புரியும். சாத்தியமில்லை என்றால் சாத்தியமில்லை என்று மூன்றாவது மாதமே சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்போம். உறுதிமொழிகள் வருடக்கணக்கில் தேங்கிக் கிடப்பதைப் பற்றி உறுதிமொழிக் குழுவே அறிக்கை அறிக்கையாக எழுதி வருகிறது. இன்னொரு வழியும் இருக்கிறது, உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்பது. சொன்ன வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு விண்ணப்பம். அதைக் குழு ஏற்றாலும் மறுத்தாலும், வாக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர்கள் காதுக்கு அது எட்டுவதில்லை.

நீங்கள் இங்கே, ‘இது அந்தந்தத் துறையின் பொறுப்பு, நாங்கள் வெறும் தபால்காரர்’ என்று சொல்லலாம். தபால்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இந்தத் தபால் ஒரு பக்கமாகத்தான் வேகமாக ஓடுகிறது என்பதுதான் என் புகார். அரசாங்கத்திலிருந்து அவைக்குப் போக வேண்டிய மசோதா என்றால் எக்ஸ்பிரஸ் டெலிவரி, அவையிலிருந்து அரசாங்கத்துக்குப் போக வேண்டிய கேள்வி என்றால் சாதாரணத் தபால், அதுவும் முகவரி சரியில்லை என்று திரும்பி வரும்.

வேகத்துக்கு உதாரணம் வேண்டுமா? 2020 செப்டம்பர் கூட்டத்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா காரணம் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள், எழுத்துமூலப் பதில் மட்டும் உண்டு என்றார்கள். அதே கூட்டத்தொடரில்தான் வேளாண் சட்ட மசோதாக்கள் நிறைவேறின, அவற்றில் இரண்டு மாநிலங்களவையில் செப்டம்பர் 20 அன்று, தலை எண்ணி ஓட்டெடுக்கச் சொல்லி உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே குரல் வாக்கெடுப்பில். மசோதாக்களை அலசிப் பார்க்கும் எம்.பி.க்களின் நிலைக்குழுவுக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் விவசாயச் சங்கங்கள் அந்தக் குழுவின் முன்னால் வந்து உட்கார்ந்து சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கும். அதற்குப் பதிலாக ஒரு வருடத்துக்கும் மேல் டெல்லி எல்லையில் சாலையில் உட்கார்ந்து சொன்னார்கள். பிறகு 2021 நவம்பர் 29 அன்று, அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா ஒரே நாளில் இரு அவைகளிலும் விவாதமில்லாமல் நிறைவேறியது. போட்டபோது முழுசாகப் பேசவில்லை, எடுத்தபோது பேசவே இல்லை. அந்த ஒரு வருடத்தில் என்ன தவறு நடந்தது என்று அவையில் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் அரசாங்கத்துக்கே அது உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

உடனே என்னை ஒரு கட்சிக்காரன் ஆக்கிவிடாதீர்கள். 2010 குளிர்காலக் கூட்டத்தொடரை யார் மறக்க முடியும்? 2ஜி அலைக்கற்றை விவகாரத்தை விசாரிக்க இரு அவை எம்.பி.க்களும் சேர்ந்த கூட்டுக்குழு வேண்டும் என்று அன்றைய எதிர்க்கட்சி அவையை நடக்கவே விடவில்லை, தர மாட்டோம் என்று அன்றைய அரசு பிடிவாதம், ஒரு கூட்டத்தொடரே அப்படியே தண்ணீரில் போனது. அடுத்த வருட ஆரம்பத்தில் அதே கூட்டுக்குழுவைக் கொடுத்தார்கள்! கொடுக்கத்தான் போகிறோம் என்றால் முன்னமே கொடுத்திருக்கலாமே. தெலங்கானா மசோதாவின்போது, 2014 பிப்ரவரி 13 அன்று, மக்களவைக்குள் மிளகு ஸ்பிரே அடித்தார்கள், ஐந்து நாள் கழித்து நேரலை நின்றுபோன நிலையில் மசோதா நிறைவேறியது. அன்றைக்கும் உங்கள் நாற்காலியில் ஒருவர் இருந்தார். ஆக, நோய் பழையது. மருந்து கொடுக்கும் இடம் உங்களுடையது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் கஷ்டமும் எனக்குப் புரியாமல் இல்லை. மக்களவையில் ஆளும் தரப்பின் தலைமைக் கொறடாவும் நீங்கள்தான். தலை எண்ண வேண்டும், ஆட்களை அவையில் இருத்தி வைக்க வேண்டும், ஓட்டெடுப்பு மணி அடிக்கும்போது கேண்டீனில் இருப்பவரை இழுத்து வர வேண்டும். 1999 ஏப்ரல் 17 அன்று 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் ஒரு அரசு கவிழ்ந்த நாட்டில் தலை எண்ணுவதைக் கேலி செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. நரசிம்ம ராவ் பெரும்பான்மை இல்லாமல் 1991இல் ஆட்சி அமைத்தபோது, சேலம் எம்.பி. ரங்கராஜன் குமாரமங்கலம் இதே துறையில் இணை அமைச்சராக இருந்தார். அப்படிப்பட்ட அவையில் எதிர்த்தரப்போடு பேசாமல் எந்த மசோதாவையும் நகர்த்த முடியாது, ஆகவே பேசித்தான் ஆக வேண்டும். எண்ணிக்கை கையில் இருக்கும்போது அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. கட்டாயம் போனால் பழக்கமும் போய்விடுகிறது.

அதிலும் 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம் என்றாகிவிட்டது. சொந்தக் கட்சி எம்.பி. ஒரு மசோதாவைப் பற்றி மனதில் என்ன நினைக்கிறார் என்று வாய்விட்டுச் சொல்ல மிச்சமிருக்கும் ஒரே இடம் துறைவாரி நிலைக்குழு, அங்கே கொறடா கிடையாது, கேமராவும் கிடையாது. 1993இல் அந்தக் குழுக்களைக் கொண்டுவந்தார்கள். 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் 16 சதவீதம். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ‘இரு தரப்பையும் கலந்துதான் செய்கிறோம்’ என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

நாள் கணக்கும் அப்படித்தான். முதல் மக்களவை ஐந்து வருடத்தில் 677 நாள் கூடியது, 1956இல் மட்டுமே 151 நாள். 17ஆவது மக்களவை 274 நாள், கொரோனாவைக் கழித்துப் பார்த்தாலும் குறைச்சல்தான். அரசியல் சட்டம் எப்படிச் செயல்படுகிறது என்று ஆராய்ந்த வெங்கடாசலய்யா ஆணையம் 2002இலேயே மக்களவை வருடத்துக்குக் குறைந்தது 120 நாளாவது கூட வேண்டும், மாநிலங்களவை 100 நாளாவது கூட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது. அரசியல் சட்டத்தின் 85ஆவது பிரிவு இரண்டு கூட்டத்தொடருக்கு நடுவில் ஆறு மாத இடைவெளி ஆகிவிடக் கூடாது என்று மட்டும்தான் சொல்கிறது, மற்றதெல்லாம் அமைச்சரவைக் குழுவின் கையில், அந்தக் குழுவுக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பது உங்கள் துறை. 2023 செப்டம்பர் சிறப்புக் கூட்டத்தொடரை அப்போது உங்கள் நாற்காலியில் இருந்தவர் ஆகஸ்ட் 31 அன்று சமூக வலைத்தளத்தில் அறிவித்தது, எதற்காகக் கூடுகிறோம் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகு வெளியிட்ட அலுவல் பட்டியலிலும் மகளிர் இடஒதுக்கீடு மசோதா இல்லை. 1996லிருந்து காத்துக் கிடந்த விஷயம் அது, மக்களவையில் 454 பேர் ஆதரித்து இரண்டே பேர் எதிர்த்த மசோதா. இவ்வளவு பேர் ஒப்புக்கொள்ளும் ஒரு நல்ல காரியத்தைக்கூட ரகசியமாக வைத்திருந்துதான் கொண்டுவர வேண்டுமா? கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தத் தேதியை மட்டும் போட்டு, மாப்பிள்ளை யார் என்று மண்டபத்துக்கு வந்து தெரிந்துகொள்ளுங்கள் என்பது போல இருந்தது எனக்கு.

அப்புறம் 2023 டிசம்பர். இரண்டு அவைகளிலும் சேர்த்து 146 எம்.பி.க்கள் இடைநீக்கம். அவர்கள் கேட்டது நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் வந்து ஒரு விளக்கம் சொல்ல வேண்டும் என்பது. பதாகை தூக்கியது தவறு, அவையின் நடுவில் வந்து நின்றது தவறு, ஒப்புக்கொள்கிறேன், வீட்டில் டி.வி. பார்க்கும் எங்களுக்கும் அந்தக் கூச்சல் அலுத்துவிட்டது. ஆனால் இடைநீக்கத் தீர்மானத்தைக் கொண்டுவருவதற்கு முன்னால் நடக்க வேண்டிய ஒரு பேச்சு இருக்கிறதே, சபாநாயகர் அறையிலோ அலுவல் ஆய்வுக் குழுவிலோ ஒரு டீயைக் குடித்துக்கொண்டு, ‘சரி, நாளைக்குப் பத்து நிமிடம் ஒரு அறிக்கை தரச் சொல்கிறேன், நீங்கள் பதாகையை இறக்குங்கள்’ என்று சொல்கிற பேச்சு, அதைப் பேசத்தான் உங்கள் பதவியே உண்டாக்கப்பட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்களும் நிறைவேறின, எதிர் வரிசை பாதி காலியாக இருக்கும்போது.

அப்படிப் பேச்சு நடக்க அவையில் நடுவாக ஒரு ஆள் வேண்டும். துணை சபாநாயகர் பதவிக்கு முதலில் வந்தவர் நம் அனந்தசயனம் அய்யங்கார், 16ஆவது மக்களவையில் தம்பிதுரை. 17ஆவது மக்களவையின் ஐந்து வருடமும் அந்த இருக்கை காலியாகவே முடிந்தது. அரசியல் சட்டத்தின் 93ஆவது பிரிவு கூடிய விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது, எந்தத் தேதிக்குள் என்று சொல்லவில்லை. தேதி போடாத கடமை எங்கே போய் நிற்கும் என்பதற்கு எங்கள் ஊர்க் கோரிக்கையே சாட்சி.

அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவரும் தனிநபர் மசோதா பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல் என்பதே போதும். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியபோது நாங்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அது மக்களவையில் கரை சேரவில்லை. அரசாங்கம் தன் பங்குக்கு வேறொரு மசோதா கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது, அதை எதிர்த்துத் திருநர்களே போராடினார்கள்.

இப்போது உங்களிடம் கேட்பது. பெரிதாக ஒன்றும் இல்லை, சட்டத் திருத்தம் தேவையில்லை, பணமும் தேவையில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் உங்கள் துறை ஒரு அறிக்கை விடும், நீங்களோ உங்கள் இணை அமைச்சரோ பத்திரிகையாளர்களைப் பார்ப்பீர்கள். அதில் தவறாமல் இரண்டு கணக்கு இருக்கும்: இத்தனை மசோதா நிறைவேறியது, அவையின் செயல்திறன் இத்தனை சதவீதம். செயல்திறன் என்றால் திட்டமிட்ட நேரத்தில் எவ்வளவு நேரம் அவை நடந்தது என்பது, அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பது அதில் வராது, பட்டறை திறந்திருந்த நேரத்தை வைத்து உற்பத்தியைச் சொல்வது மாதிரி. அந்த இரண்டு எண்ணுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றைச் சேருங்கள். இந்தக் கூட்டத்தொடரில் அரசு கொடுத்த உறுதிமொழிகள் இத்தனை, பழைய பாக்கியில் தீர்ந்தது இத்தனை, கைவிடக் கேட்டது இத்தனை, எந்தெந்தத் துறை. உங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. வெளியே படித்துக் காட்டினால் போதும்.

வெள்ளிக்கிழமை தோறும் அடுத்த வாரத்து அரசு அலுவல் என்ன என்று அவையில் வாசிக்கிறீர்களே, அதன் கடைசியில் ஒரு நிமிடம், தவணை தாண்டிய உறுதிமொழிகள் எந்தத் துறையில் அதிகம் என்று வாசித்தால் இன்னும் நல்லது. சக அமைச்சர்கள் முகம் சுளிப்பார்கள், தெரியும். அவர்கள் முகத்துக்காகத்தான் இத்தனை நாள் யாரும் வாசிக்கவில்லை என்பதும் தெரியும். ‘நிறைவேற்றப்பட்டது’ என்ற தலைப்பைக்கூட இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: செய்யப்பட்டது, செய்ய முடியாது என்று சொல்லப்பட்டது. இரண்டையும் ஒரே கட்டத்தில் போடுவது கணக்கு வாத்தியார் பார்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்புறம் கேட்டவர்களுக்குச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட எம்.பி. பதவியில் இல்லாவிட்டால் அந்தத் தொகுதியின் இன்றைய எம்.பி.க்கு ஒரு கடிதம், மாவட்ட ஆட்சியருக்கு ஒரு நகல். ஊர்ப் பலகையில் ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தமிழில் அனுப்பினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

இதெல்லாம் நடக்குமா என்று எங்கள் ஊரில் கேட்டார்கள். இந்த மடலை உங்கள் அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்புகிறேன், அங்கிருந்து என்ன பதில் வரும் என்று ஒருவர் பந்தயம் கட்டத் தயாராக இருக்கிறார். என்ன சொல் என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. நான் பந்தயத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை, ஏனென்றால் எனக்கும் அதே சந்தேகம்தான்.

எங்கள் கேள்வியின் எண், அது பதிலளிக்கப்பட்ட தேதி, நிறைவேற்றப்பட்டதாக வைத்த தேதி மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தபாலில் போகும் பிரதியில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாள் மட்டும் உங்கள் பதவியில் இருந்த ஒருவன்